ரோஸ் கலர் ஆடு

மாமா கல்லாவில் இருந்தார். அத்தை ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில், ஸ்டூலில். என் தம்பி தரையில், மிக்சர் பொட்டலத்தோடு. இரண்டாம் கம்ப்யூட்டர் மெஷினில் புல்லட். அவனுக்கு மெதுவாகப் பேச வராது, அதனால் அந்தப் பெயர். மூன்றாம் மெஷினில் கண்ணாடி. மாட வீதிப் பையன், மூக்கில் இருந்ததே பெயராகிவிட்டது. வாசலில் தண்ணீர் கேன் போடும் அண்ணன், தோளில் கேனோடு. நாலாம் மெஷினில் நான். ஒன்றாம் மெஷின் ரிப்பேர். அது எப்போதும் ரிப்பேர்தான்.

இத்தனை பேர் இருக்கும்போதுதான் ஆடு கிடைத்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எல்லார் கைக்கும் போன் வந்ததும் பிரவுசிங் செத்துப்போனது. அத்தையின் ஜெராக்ஸ்தான் அரிசி வாங்கியது. கம்ப்யூட்டர்களைச் சும்மா போட்டுவைக்க மனசில்லாமல் மாமா கேம் ஏற்றினார்.

அந்த கேமில் ஒரு உலகம். நடக்கலாம், மண் வெட்டலாம், மரம் வெட்டலாம், வெட்டியதை வைத்து எதையாவது கட்டலாம். முடிவு கிடையாது. நாம் நடக்க நடக்க மெஷின் முன்னால் நிலத்தைப் போட்டுக்கொண்டே போகும். எல்லா மெஷினிலும் ஒரே உலகம். ஒருத்தன் நட்ட கம்பம் இன்னொருத்தனுக்கும் தெரியும்.

முதலில் பையன்கள் சந்து முனை வரை நின்றார்கள். மலை ஏறினார்கள். பனியைப் பார்த்து விசில் அடித்தார்கள். பிறகு ஒவ்வொருத்தனாகக் குறைந்தார்கள்.

“எம்மாம் தூரம் போனாலும் இதேதாம்பா கீது,” என்றான் புல்லட். “மலை. மலைய தாண்டினா மண்ணு. மண்ண தாண்டினா மறுபடி மலை. இதுக்கு நான் பீச்சாண்ட போய் குந்திக்குவேன்.”

கண்ணாடி படிக்கிற பையன். அவன் காரணம் சொன்னான். “சீட்டுக்கட்டு மாதிரிதான். மெஷின் கலைச்சுக் கலைச்சுப் போடறது. சீட்டு என்னமோ அதே சீட்டு.”

எனக்குச் சலிக்கவில்லை. நான் அதுவரை பார்த்தது இரண்டு இடம். ஒன்று மயிலாப்பூர். இன்னொன்று, கால்வாய் ஓரத்துக் குடிசைகளை எடுத்தபோது சித்திக்கு வீடு கொடுத்த கண்ணகி நகர். ஆனால் என்னை யார் கேட்டார்கள்? நான் கடை பெருக்குகிறவள். சீட் காலியாக இருந்தால் உட்காரலாம்.

சீக்கிரமே எல்லா சீட்டும் காலியானது. மந்தைவெளியில் ஒரு கடையில் துப்பாக்கி கேம் வந்துவிட்டது. பையன்கள் அங்கே போனார்கள். மாமா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கடைய காலி பண்ணிட்டு ஓனர் கையில சாவிய குடு. ஜெராக்ஸ நான் வூட்டு வாசல்ல போட்டுக்கிறேன்,” என்றாள் அத்தை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் மாமா சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கதவில் ஒட்டினார். இந்த உலகத்தில் ஒரு ரோஸ் கலர் ஆட்டை விட்டிருக்கிறேன். கண்டுபிடித்தால் சைக்கிள்.

சைக்கிள் என்றால் மாமாவின் சைக்கிள். கியர் வைத்தது. சிவப்பு. தினமும் துடைப்பார். மழை வந்தால் கடைக்குள்ளே அதற்குத்தான் முதல் இடம். “நான் நனைஞ்சா கேக்க ஆளில்ல,” என்பாள் அத்தை.

அந்த கேமில் ஆடு நிறைய உண்டு. வெள்ளை, கறுப்பு, சாம்பல், எப்போதாவது பழுப்பு. ரோஸை யாரும் பார்த்ததில்லை.

மறுநாளே சீட் கிடைக்கவில்லை. அதே மலைதான், அதே மண்தான். ஆனால் ஒவ்வொரு மலையையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அந்தப் பக்கம் ஆடு நிற்கலாம். சீட்டுக்கட்டு என்று சொன்ன கண்ணாடி, லீவுக்கு பெங்களூர் போக மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுத் தங்கிவிட்டான்.

எனக்கு அந்த சைக்கிள் வேண்டும். அம்மாவிடம் முன்பே கேட்டிருந்தேன். “பதினொண்ணாவது வந்தா கவர்மென்ட்டே குடுக்கும். அதுவரைக்கும் காலு கீதுல்ல, நட,” என்றாள். நான் அப்போது எட்டாவது. பதினொன்றாவது வரை போவேனா என்பது எனக்கே சந்தேகம். போகவில்லை.

மதியத்தில் பையன்கள் சாப்பிடப் போவார்கள். மாமா தரையில் பேப்பர் விரித்துத் தூங்குவார். அந்த நேரம் நாலாம் மெஷின் எனக்கு.

பையன்கள் குகையில் தேடினார்கள். பனியில் தேடினார்கள். ஒளித்து வைத்தது என்றால் அப்படித்தான் தேடத் தோன்றும். நான் ஆட்டை நினைத்துப் பார்த்தேன். எங்கள் தெருக் கறிக்கடைக்காரர் ஆடு போஸ்டர் தின்னும். போஸ்டர் இல்லாத ஊரில் புல்தான் தின்ன வேண்டும். அதனால் புல்லாகப் பார்த்து நடந்தேன். அந்தப் பக்கம் யாரும் வரவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாத இடம். எனக்கு அது போதும். ஒவ்வொரு ஆட்டையும் கிட்டப்போய்ப் பார்த்தேன்.

வழி மறக்காமல் இருக்க விளக்குக் கம்பம் நட்டுக்கொண்டே போனேன். இடங்களுக்குப் பெயரும் வைத்தேன். ஆரம்பிக்கிற இடம் குளம். அடுத்தது மந்தைவெளி. ஒரு ஆறு வந்தது, மண்ணைப் போட்டுப் பாலம் கட்டினேன், அது அடையாறு. அப்புறம் திருவான்மியூர், துரைப்பாக்கம், கண்ணகி நகர். சித்தி வீட்டுக்குப் போகிற வழி. அதற்கு அப்பால் எனக்கு ஸ்டாப்பிங் தெரியாது. வெறும் கம்பம் நட்டேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாலாம் மெஷின் பையனை அவன் அப்பா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனார். நான் உட்கார்ந்தேன். என் பெயரைப் போட்டதும் என் ஆள் விட்ட இடத்திலேயே நின்றது. நடந்தேன். ஒரு சரிவு. சரிவில் வெள்ளை ஆடுகள். நடுவில் ஒன்று ரோஸ்.

நான் கத்தவில்லை. முதலில் அதைச் சுற்றி வேலி போட்டேன். பிறகு சொன்னேன்.

“மாமா, ஆடு.”

“இன்னா ஆடு?”

“ரோஸ்.”

மாமா சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். பார்த்தார். சிரிப்பு நின்றது.

“மானிட்டர் பூடுச்சு,” என்றார்.

பின்னால் போய் வயரைத் திருகினார். மேலே ஒரு தட்டு தட்டினார். சட்டை நுனியால் துடைத்தார். புல் பச்சையாகவே இருந்தது. ஆடும் ரோஸாகவே இருந்தது.

“இது... நான் வுட்ட ஆடு இல்லியே,” என்றார் மாமா.

அத்தை ஸ்டூலிலிருந்தே கேட்டாள். “பின்ன எத்தினி ரோஸ் ஆடு வுட்ட?”

மாமா மறுபடி மானிட்டரைத் துடைத்தார்.

அதற்குள் எல்லாரும் என் பின்னால் வந்துவிட்டார்கள். புல்லட் ஆரம்பித்தான். “அய்ய! காதுல பூ சுத்துறாங்கடா டேய். மாமாவும் மருமவளும் சேந்துகினு ஆடுறாங்க. எங்க கீதுன்னு வூட்லயே சொல்லிக் குட்த்துட்டாரு. சைக்கிளு எங்க போவும்? இந்தச் செவுத்துலேர்ந்து அந்தச் செவுத்துக்கு.”

“சொல்லலை,” என்றேன். எனக்கு அதற்கு மேல் பேச வராது.

“யாருக்கும் சொல்லலடா,” என்றார் மாமாவும். குரலே எழும்பவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. மற்ற நாளில் ஐந்து ரூபாய்க்குச் சந்தே அதிரக் கத்துகிறவர், மருமகளைத் திருடி என்கிறபோது இப்படி முனகுகிறாரே என்று.

கண்ணாடி யோசித்தான். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னான். “ஒண்ணு பண்ணு. புல்லட் மெஷின்ல புது ஆளா உள்ள போ. மொதல்லேர்ந்து நடந்து வந்து இந்த ஆட்டைத் தொடு. நாங்க பாத்துண்டே இருக்கோம். சொல்லிக் குடுத்திருந்தா நேரா வருவ. தேடினவளா இருந்தா அது வழியிலேயே தெரியும்.”

நாலாம் மெஷினை அப்படியே விட்டேன். அதில் என் ஆள் வேலிக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டாம் மெஷினில் உட்கார்ந்தேன். புது ஆள் ஆரம்ப இடத்தில் நின்றது. முதல் கம்பம் தெரிந்தது.

“இது குளம்,” என்றேன்.

“இன்னாது?”

“குளம். அடுத்தது மந்தைவெளி.”

தண்ணீர் கேன் அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. “ஏறு ஏறு, படியில நிக்காத. ரைட் ரைட்!” என்றார். கேனை இன்னும் இறக்கவில்லை.

நடந்தேன். மண் பாலம் வந்தது. “அடையாறு,” என்றேன். “பாலத்தாண்ட சிக்னலு, வண்டி நிக்கும்,” என்றார் அண்ணன். தம்பி வாயாலேயே ஹாரன் அடித்தான். புல்லட் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “இதெல்லாம் இவரு சொல்ல, இது நட்டுருக்கும்.”

வழியில் அந்த உலகத்துக்கு ராத்திரி வந்தது. எல்லாம் இருட்டு. கம்பங்கள் மட்டும் ஒன்றன் பின் ஒன்றாக எரிந்தன.

துரைப்பாக்கம் தாண்டியதும் எனக்குக் கை நின்றது. அங்கே நான் வழி தவறியிருந்தேன். ஒரு மதியம் முழுக்கச் சுற்றி, நான் நட்ட கம்பத்துக்கே திரும்ப வந்து நின்ற இடம். கம்பங்கள் ஒரு பெரிய வட்டமாக எரிந்தன. அதைக் காட்ட வெட்கமாக இருந்தது. குறுக்கே போய்விடப் பார்த்தேன்.

“அங்க ஏன் வட்டமா நிக்கறது?” என்றான் கண்ணாடி.

“தப்பா போய்ட்டேன்.”

“எப்ப?”

“போன வாரம். அழுதுட்டேன் கூட.”

கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். “டேய் புல்லட். வழி தெரிஞ்சவ யாராவது இப்படிச் சுத்துவாளோ? இவளுக்கு யாரும் ஒண்ணும் சொல்லலைடா. இவளாத்தான் தேடியிருக்கா.”

புல்லட் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கட்டிய கையைப் பிரித்தான். “சரி, ஓட்டு. அடுத்த ஸ்டாப்பிங் இன்னா?”

“கண்ணகி நகர்.”

“எங்க அத்த வூடு அங்கதாங்கீது. நிறுத்து, ஒரு டீ குச்சிட்டு போலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அந்த உலகத்தில் விடிந்தது. பெயரில்லாத கம்பங்களும் முடிந்தன. சரிவில் ஏறினேன். அப்போது தம்பி நாலாம் மெஷினைக் காட்டிக் கத்தினான். “அக்கா! அங்க பாரு, யாரோ வர்றாங்க!”

திரும்பிப் பார்த்தேன். வேலிக்கு அப்பால், புல்வெளியின் கோடியில், சின்னதாக ஒரு ஆள் நடந்து வந்துகொண்டிருந்தது. அது நான்.

வேலியைத் திறந்து ஆட்டைத் தொட்டேன்.

அந்தச் சந்தில் அப்படி ஒரு சத்தம் அதற்குமுன் எழுந்ததில்லை. புல்லட் மேஜையை டமாரமாக்கினான். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெரியவர் என்ன ஏது என்று தெரியாமல் கை தட்டினார். தண்ணீர் கேன் அண்ணன் அப்போதுதான் கேனை இறக்கிவைத்தார். இறக்கிய பிறகுதான் அவருக்குத் தோள் வலித்தது.

மாமா சைக்கிள் சாவியைக் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் போகிற துக்கம் என்று நினைத்தேன். அத்தை, “இன்னாத்துக்கு பேயறஞ்ச மாதிரி நிக்கிற? வுட்ட ஆடு கெடச்சுச்சுன்னு சந்தோசப்படு,” என்றாள்.

எனக்கு ஓட்டத் தெரியாது. தள்ளிக்கொண்டே போனேன். தம்பி மணி அடித்தான். குளத்தைச் சுற்றி மாட வீதி வழியாகப் போனோம். அது சுற்று வழிதான். பரவாயில்லை. பின்னால் பையன்கள் வந்தார்கள். பூக்கடைக்காரம்மா எழுந்து நின்று பார்த்தாள். வீட்டு வாசலில் அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள்.

“யாருதுடி?”

“என்னுது.”

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து சீட்டைத் தடவிப் பார்த்தாள். அன்று சைக்கிள் வீட்டுக்குள் நின்றது. தம்பி வாசலில் படுத்தான்.

ஆடு கிடைத்த செய்தி மந்தைவெளி வரை போனது. அடுத்த நாள் மாமா கடையில் புது சார்ட். மணலுக்கு நடுவில் ஒரு கிணறு இருக்கிறது, கண்டுபிடித்தால் ஒரு மாசம் இலவசம். பிறகு ஆகாசத்தில் தொங்கும் பாறை. பிறகு தண்ணீருக்கு அடியில் வீடு, இன்னும் சில. பையன்கள் அலைந்தார்கள், சிலது கிடைத்தும் விட்டது. துப்பாக்கிக் கடையிலிருந்தும் ஆள் வந்தது. கடையைக் காலி செய்கிற பேச்சே நின்றது. மாமா எப்போது போய் இதையெல்லாம் ஒளித்து வைக்கிறார் என்று எனக்கு ஆச்சரியம். ராத்திரி எல்லாரும் போன பிறகு வைப்பார் என்று தம்பியிடம் சொல்லியிருந்தேன்.

கடை நன்றாக ஓடியது. பிறகு அந்தச் சந்து முழுவதையும் இடித்துக் கட்டினார்கள், மாமா ராயப்பேட்டைக்குப் போய் மொபைல் கவர் போட ஆரம்பித்தார். என் கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை கழுவுகிற இடத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். அத்தை பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

“அந்த ஆடு,” என்றார். “எனக்கு ஆடு வுடவே தெரியாது, பாப்பா. வாயில வந்தத எழுதினேன். எவனும் கண்டுபுடிக்க மாட்டான், சைக்கிளு எங்கயும் போவாதுன்னு. நீ கூப்ட்டுக் காட்டுற. எனக்கு ஒண்ணும் புரியல. அப்பால விசாரிச்சேன். அந்த மிஷினு எப்பனா ஒரு வாட்டி தானாவே ஒரு ரோஸ் ஆட்ட போடுமாம்.”

“மத்ததெல்லாம்?”

“அதுவும் வாயில வந்ததுதான். அம்மாம் பெரிய எடத்துல எதுனா கெடைக்காமலா பூடும்னு ஒரு தைரியம்.”

மாமா ஒளித்து வைத்ததாகச் சொன்னவை ஏழு. நாங்கள் கண்டுபிடித்தவை நாலு. மாமா ஒளித்து வைத்தது சைபர்.