பிளாச்சான் இல்லாத வீடு

தேங்காய்ப்பால் சோற்றில் மிளகாய்ச் சம்பால் வைத்துக் கட்டித் தரும் நாசி லெமாக் கடைக்காரர்களுக்கு அம்மா ஒரு தொல்லை. ஈப்போவில் எந்தக் கடையில் நின்றாலும் முதலில் சம்பாலை மோந்து பார்ப்பாள். "அண்ணே, இதுல பிளாச்சான் இருக்கா? பொய் சொல்லாதீங்க லா." இறாலை அரைத்துப் புளிக்க வைத்த பிளாச்சான் இல்லாமல் இந்த ஊரில் ஏது சம்பால்? கடைக்காரர் சிரிப்பார். அம்மா பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் கையை இழுத்துக்கொண்டு நடப்பாள். எனக்கு மானம் போகும், பசி போகாது.

அம்மா ஆக்கிய இறால் குழம்பைச் சாப்பிட்டுத்தான் அப்பா செத்தார் என்பது எங்கள் குடும்பம் முழுக்க ஒப்புக்கொண்ட கதை. அப்போது சிலிம் ரிவர் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தாத் தோட்டத்தில் இருந்தோம். மத்தியானம் சாப்பிட்டார். சாயங்காலம் உதடு வீங்கியது, பிறகு நாக்கு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் போட்ட ஊசி கேட்கவில்லை. டவுனுக்குக் கார் பிடித்து வருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டது. பிணத்தை எடுப்பதற்கு முன்பே அத்தை, அப்பாவின் அக்கா, வாசலில் நின்று சொன்னாள்: "எறாவ ஆக்கிப் போட்டு என் தம்பியக் கொன்னுட்டா." அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவளும் அதைத்தான் நம்பினாள்.

ஈப்போவுக்கு வந்த பிறகு எனக்கும் வீங்க ஆரம்பித்தது. சில சமயம் கை, சில சமயம் கண் இமை. அரிப்பு இருக்காது. தானாக வரும், இரண்டு மூன்று நாளில் தானாகப் போகும். கிளினிக்கில் அலர்ஜி என்று ஊசி போடுவார்கள், ஒன்றும் ஆகாது. "எங்கேயோ பிளாச்சான் தின்னுட்டு வந்திருக்க," என்பாள் அம்மா. தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாள்.

போன வருஷம் சிம்பாங் பூலாயில் வேலை செய்துகொண்டிருந்தபோது நாக்கு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்தேன். பிறகு ஒரு பெரிய டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அம்மாவும் கூட வந்தாள். டாக்டர் மலாயில் பொறுமையாக விசாரித்தார். அப்பா இறந்ததைச் சொன்னதும், அதற்கு முன்னால் அவருக்கு அடி ஏதாவது பட்டதா, பல் பிடுங்கினாரா என்று கேட்டார். முந்தின நாள் கடைவாய்ப்பல் பிடுங்கினார் என்றாள் அம்மா. டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

ரத்தத்தில் கிருமியோடு சண்டை போட காம்ப்ளிமென்ட் என்று ஒரு புரதக் கூட்டம் இருக்கிறதாம். அது கண்டபடி ஓடாமல் பிடித்து வைக்க இன்னொரு புரதம். சில குடும்பங்களில் அந்தக் கடிவாளம் பரம்பரையாகவே சரியாக இருக்காது. பல் பிடுங்கினால்கூடத் தொண்டை வீங்கி மூச்சை அடைத்துவிடும். சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் என் ரத்தத்தைச் சோதித்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்லமுடியாது என்றார்.

பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எறா இல்லம்மா. நீ ஒன்னும் செய்யல," என்றேன்.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். "ஒனக்கு இருந்தாத்தானே அப்பாவுக்கும் இருந்துச்சுன்னு ஆவும்?" என்றாள்.

"ஆமா."

"அப்ப வேணாம். எறாதான்னே இருக்கட்டும். ஒனக்கு ஒன்னும் இல்லன்னு வந்தா போதும்."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பொய்ப் பழியைக் காலமெல்லாம் சுமந்தவள், இறக்கி வைக்க இடம் கிடைத்தும் இறக்கமாட்டேன் என்கிறாளே என்று.

எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைத்து லேப்புக்குக் கொண்டு போனார்கள். அங்கே மெஷினில் சுற்றித் தெளியவைத்து, உறையவைத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பவேண்டும். "சூடு பட்டா கெட்டுரும் அக்கா," என்றாள் லேப்பில் இருந்த தமிழ்ப் பெண். ஹரி ராயா பெருநாள் விடுமுறை குறுக்கே வந்தது. பெட்டி எங்கேயோ தேங்கி, போய்ச் சேர்ந்தபோது எல்லாம் உருகியிருந்ததாம். உருகியதைச் சோதித்தால் இல்லாத குறையையும் இருப்பதாகக் காட்டிவிடும் என்று மறுபடி கூப்பிட்டார்கள். நான் எரிந்து விழுந்தேன். அம்மா முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி. "நல்லதா போச்சு," என்றாள். முடிவு தள்ளிப்போகிற ஒவ்வொரு நாளும் அவளுக்கு லாபம்.

இரண்டாவது முறை ரத்தம் கொடுத்து வந்த வாரத்தில், காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு அந்தக் கடிவாளப் புரதம் அளவில் குறையவில்லை, வேலைதான் செய்யவில்லையாம். எங்கள் கம்பெனியிலும் அப்படிச் சில பேர் உண்டு என்று நினைத்தேன். சிரிப்பு வந்தது. பிறகு டாக்டர் அறை நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா நிரபராதி. அதைக் கேட்க அவள் இல்லை, இருந்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருக்கமாட்டாள்.

காரியம் முடிந்த அன்று, செத்தவர்களுக்குப் பிடித்ததை ஆக்கிப் படையல் போட்டோம். நான் இறால் குழம்பு வைத்தேன். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று இல்லை. சொந்தக்காரர்கள் பார்க்கட்டும் என்று வைத்தேன். தைப்பிங்கிலிருந்து வந்திருந்த அத்தை, இப்போது தடி ஊன்றி நடப்பவள், இலையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எறாவா? இவ படையல்லயா?"

இதற்காகத்தான் காத்திருந்தேன். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். எறா இல்லை, பரம்பரை ரத்தம், அதே குறை எனக்கும் இருக்கிறது, டாக்டர் சோதித்துச் சொல்லிவிட்டார் என்றேன். அத்தை நாற்காலியைத் தடவி உட்கார்ந்தாள்.

"அவன் நல்லாத்தான் இருந்தான் மா," என்றாள். "முந்தின நாளு பல்லு வலின்னு துடிச்சான். வேணாம் வேணாம்னான். நான்தான் இழுத்துட்டுப் போயி புடுங்கிவிட்டேன்."

அடுத்த வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அத்தை அன்றோடு முடிந்திருப்பாள். அப்போதுதான் உறைத்தது: பல்லைப் பற்றி டாக்டரிடம் சொன்ன அம்மாவுக்கு, யார் கூட்டிப் போனார்கள் என்பதும் தெரிந்துதான் இருக்கும். அன்று பஸ்ஸில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், அதற்குப் பிறகும் அத்தை வந்தபோதெல்லாம் சோறு போட்டு அனுப்பினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பல்லுக்கும் அதுக்கும் என்னா அத்தை இருக்கு? ரத்தம்தான்," என்றேன். "வாங்க, சாப்பிடுங்க."

இலை போட்டுச் சோறு வைத்தேன். அத்தை ஒரு இறாலை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒங்கம்மாவுக்கு எறான்னா உசிரு. கட்டிக்கிட்டு வந்த புதுசுல என் தட்டுலேர்ந்தே எடுத்துத் திம்பா."

எனக்கு அது தெரியாது. அம்மா இறால் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.