இரத்தோட்டைக்கு ஒரு கொரிய நடனம் பார்க்கப் போனேன்

எழுபத்தொரு வயதில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஆங்கிலம் படிக்கும் கௌசல்யா, கொரியாவில் வேலை செய்யும் அண்ணன் அனுப்பிய சீடியை ஒரு நாள் என் வீட்டில் போட்டாள். (கணவர் இருந்தவரை எங்கள் டிவியில் செய்தி மட்டும்தான்.) ஒன்பது பெண்கள். பாட்டு புரியவில்லை, உடை பிடிக்கவில்லை. ஆனால் பாடி முடித்தவள் பின்வாங்க, அடுத்தவள் வரிசையை ஊடறுத்து முன்னே வந்தாள். தோள் உரசவில்லை, ஒருத்தியை ஒருத்தி பார்க்கவும் இல்லை. அந்த இடத்தை நான்கு முறை போடச் சொன்னேன்.

கன்னியர் மடத்துப் பாடசாலையின் உடற்பயிற்சிக் காட்சியில் நானும் ரோசலினும் அப்படித்தான் கடப்போம். அவள் என் இடப்பக்கமிருந்து வருவாள். திரும்பிப் பார்த்தால் சிஸ்டரின் பிரம்பு பேசும். எழுபதுகளில் அவள் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. இரண்டு கடிதங்கள் வந்தன, பிறகு இல்லை.

தானும் தோழிகளும் அதே நடனத்தைத் தங்கள் தேயிலைத் தோட்டத்தில் பழகுவதாகக் கௌசல்யா சொன்னாள். அந்தக் கடப்பை ஒரு தடவையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

2009 ஆகஸ்ட், ஒரு ஞாயிறு. மாத்தளையில் பகல் 1.10க்கு பஸ், 1.55க்கு இரத்தோட்டை. 24 ரூபாய். அங்கிருந்து தோட்டம் நான்கு கிலோமீட்டர். த்ரீவீல் சாரதி 300 கேட்டார், 250க்கு வந்தார்.

“லயத்து வீட்டுல கல்யாணமாம்மா?”

“இல்லை. கொரிய நடனம்.”

“கொரியாவா? நம்ம மச்சான் அங்க கோழிப் பண்ணையில நிக்கிறான். ஆட்டம் பாட்டம்னு ஒரு வார்த்த சொல்லலியே, கள்ளன்!”

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் எட்டுப் பேர்தான் நின்றார்கள். ஒன்பதாவது பெண் சுமதி முந்தாநாள் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாளாம்.

“அதனால எடம் மாறுற கட்டத்த வெட்டிட்டோம் டீச்சர்,” என்றாள் கௌசல்யா. “நேர் வரிசையில ஆடிர்றோம்.”

“அதைப் பார்க்கத்தானே வந்தேன்?” குரல் கடுமையாகத்தான் வந்தது.

ஒருத்தி சிரித்தாள். “அப்ப சுமதி எடத்துல டீச்சரே நில்லுங்களேன். ஆட வேணாம், அசையாம நின்னாப் போதும்.”

“வாய மூடு புள்ள!” என்று கௌசல்யா அதட்டினாள்.

கைப்பையைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுமதிக்காக வெண்கட்டியால் போட்டிருந்த குறியின்மேல் போய் நின்றேன்.

கைகள் எல்லாம் ஒரே உயரத்தில் எழுந்தன. குறை ஒன்றுதான். டிவிக்கு எதிரே நின்று பழகியதால் இடமும் வலமும் மாறியிருந்தன. சீடியில் வலமிருந்து வருபவள் இங்கே இடமிருந்து வருவாள். முடிந்ததும் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் கௌசல்யா வந்தாள். இடப்பக்கம் காலடி கேட்டது. சேலைத் தலைப்பு லேசாக அசைந்தது. தோள் படவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டு நின்றதும், “ஏதும் பிழையா டீச்சர்?” என்றாள்.

“இல்லை. இன்னொரு தடவை ஆடுங்கள்.”

இத்தகைய குழு நடனங்களைப் பார்க்கிறவர்கள் முன்னால் பாடுகிறவளையே பார்க்காதீர்கள். பின்னால் போகிறவளைப் பாருங்கள், உழைப்பெல்லாம் அங்கேதான். போகிறவர்களுக்கு: யுத்தம் முடிந்து மூன்று மாதமாகியும் வழியில் இறக்கிச் சோதிக்கிறார்கள், அடையாள அட்டையை மறக்க வேண்டாம். திரும்ப 5.20 பஸ்ஸைப் பிடியுங்கள். மேலே தேநீர்க் கடை இல்லை. மடுவத்தில் நாற்காலியும் கிடையாது. எனக்கு அது தேவைப்படவில்லை.