தோற்க வேண்டுமென்று செபித்த சனிக்கிழமை

என் மூத்த மகள் கூடைப்பந்து விளையாடிச் சம்பளம் எடுக்கிறவள். இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "அது சரி, வேலை என்ன செய்யிறா?" என்று கேட்பார்கள். அதுதான் வேலை. லண்டனில் ஒரு பெண்கள் அணியில் மூன்று வருடமாக விளையாடுகிறாள். நான் பள்ளிக்கூடக் குசினியில் சமையல் வேலை செய்கிறவள். பதினாறு வயதில் ஓ.எல். சோதனையோடு என் படிப்பு நின்றுபோனது. பந்து வளையத்துக்குள் விழுந்தால் கைதட்ட வேண்டும் என்பதற்கு மேல் அந்த விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் போன வருடம் அதனால் நான் பட்ட பயம் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. மன்னாரில் ஷெல்லடிக்குள் ஓடியபோது பட்ட பயம் மற்றவன் தந்தது. இது நானே என் வாயால் தேடிக்கொண்டது.

மகள் தெற்கு லண்டனில், ஸ்ட்ரெதத்தில் இன்னொரு விளையாட்டுக்காரப் பிள்ளையோடு வாடகைக்கு இருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். வெள்ளியில் எங்களுக்கு இறைச்சி இல்லை, மீன்தான். அன்றைக்கு அவள் மீனைக் கிண்டிக்கொண்டு இருந்தாளே தவிர வாயில் வைக்கவில்லை.

"என்ன பிள்ளை, குழம்பு சரியில்லையே?"

"குழம்பு ஓகே அம்மா. நாளைக்கு நாங்க தோக்கப்போறம்."

"அப்பிடி முதலே சொல்லாத. விளையாடிப் பாருங்கோவன்."

"இல்லம்மா. தோக்கச் சொல்லியிருக்கு."

எனக்கு விளங்கவில்லை. அவள் மேசையில் உப்புப் போத்தலையும் தண்ணீர்க் கிளாஸையும் வைத்து விளக்கினாள். நாளைக்கு வென்றால் அடுத்த சுற்றில் இவர்களை மூன்று தடவை போட்டு அடித்த அணியோடு மோத வேண்டும். தோற்றால் ஒரு லேசான அணி வரும். அதனால் கோச் எல்லாரையும் கூட்டிவைத்துக் கதைத்திருக்கிறார். தோல்வி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. "கால்களுக்கு ஓய்வு குடுப்பம்" என்றாராம். என் மகளிடம் மட்டும் தனியாக, "இரண்டாம் பாதியில் நீ எறியத் தேவையில்லை" என்று சொல்லியிருக்கிறார்.

"இப்பிடியும் செய்வினமே?"

"அமெரிக்காவில வருசம் முழுக்க வேணுமெண்டு தோக்கிற டீம் இருக்கம்மா. கடைசியா வந்தாத்தான் அடுத்த வருசம் நல்ல புதுப் பிளேயரை முதல்ல எடுக்கலாம். ஆனா இஞ்ச பிடிபட்டாத் தடை, பான் பண்ணுவினம். பிறகு எங்கயும் விளையாட ஏலாது. தெரிஞ்சுகொண்டு சொல்லாம இருந்தாலும் பான்தான். சைன் வைச்சுக் குடுத்திருக்கிறன்."

"அப்ப சொல்லன், பிள்ளை."

"ஆரிட்டச் சொல்லுறது? சொன்னா அடுத்த வருசம் ஆர் என்னை எடுப்பினம்?" அவள் கண் கலங்கிவிட்டது. "அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதீங்கோ. அப்பாவுக்கும் வேண்டாம்."

"நான் ஆருக்கடி சொல்லப்போறன்?"

அன்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை. பதினொரு வயதில் பந்தைத் தூக்கியவள். அந்தப் பந்தைத் தவிர அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருந்ததில்லை. அதை அவளிடமிருந்து பறித்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். கோச் சொன்னதைக் கேட்டாலும் ஆபத்து, கேட்காவிட்டாலும் ஆபத்து. என் சிறிய புத்திக்கு எட்டியது ஒரே வழிதான். அவள் ஒன்றும் செய்யாமல், அணி தானாகவே தோற்றுவிட்டால்? அப்போது கோச்சுக்கும் சந்தோசம், பிள்ளைமேலும் குற்றமில்லை.

எங்கள் கோயில் பங்குப் பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செபமாலைக் குழு இருக்கிறது. முப்பத்தெட்டுப் பேர். சனிக்கிழமை காலையில் அவரவர் கருத்தை, என்ன வேண்டுதல் என்பதை, அதில் குரலாகப் பதிந்து போடுவோம். ஒருவருக்கு விசா, ஒருவருக்கு முழங்கால் ஒப்பரேசன், ஒருவருக்குக் கவுன்சில் வீடு. எல்லாருமாக அந்தக் கருத்துகளுக்காக ஒப்புக்கொடுத்துச் செபமாலை சொல்லுவோம். அன்று காலை நான் மாதா சுரூபத்துக்கு முன் முழந்தாளில் நின்று, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"மரியாயே, தாயே, இண்டைக்குப் பின்னேரம் என்ர பிள்ளையின்ர டீம் தோக்கவேணும். கோச் அப்பிடித்தான் தோக்கச் சொல்லியிருக்கிறாராம். பிள்ளையில ஒரு பழியும் வராமல் நீங்கதான் தோக்கப் பண்ணவேணும். சகோதரிகளே, இந்தக் கருத்துக்காக மன்றாடுங்கோ."

ஒருவருக்கும் சொல்லாதே என்றால் செபத்திலும் சொல்லாதே என்றுதான் அர்த்தம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. நான் மாதாவிடம் சொன்னேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்றார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

'ஆமென்' என்று வரிசையாக வந்தது. கூப்பிய கைகள் வந்தன. ஒரு தங்கச்சி மட்டும் எழுதினாள்: 'அக்கா எங்கட இவர் கேக்கிறார் எந்த டீம் எண்டு.' அவளுடைய மனுசனுக்கும் செபத்தில் அக்கறை வந்துவிட்டதே என்று மனம் குளிர்ந்து, அணியின் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி அனுப்பினேன்.

காலை ஷிப்ட் முடித்து என் கணவர் வந்தார். அவருக்குப் பெற்றோல் நிரப்பும் செட்டில் வேலை. தேத்தண்ணீர் குடிக்கும்போது அவருக்கு அதைப் போட்டுக் காட்டினேன். பிள்ளை வேண்டாம் என்று சொன்னதுதான். ஆனால் முப்பத்தெட்டுப் பேருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"இஞ்சாரும், நீர் என்ன செய்து வைச்சிருக்கிறீர் எண்டு தெரியுமே?"

"செபிக்கக் கேட்டனான்."

"எந்த டீம் எண்டு கேட்டவன் ஆர் தெரியுமே? பெட்டிங் கடை திறக்க முன்னம் வாசல்ல நிக்கிறவன். அவன் இப்ப உம்மட பிள்ளையின்ர தோல்வியில காசு கட்டிப்போட்டான். தன்ர கூட்டாளிமாருக்கும் சொல்லியிருப்பான். நாளைக்கு விசாரணை வந்தா முதல் கேள்வி, உனக்கு ஆர் சொன்னது? ரெண்டாவது கேள்விக்கு உம்மட குரல் இருக்கு. கோச் சொன்னவர் எண்டு நீரே சொல்லியிருக்கிறீர்."

 அழிப்பதற்கு அவரே போனை வாங்கினார். அழித்துக்கொண்டிருக்கும்போதே கனடாவிலிருந்து அவருடைய தங்கச்சியின் குரல் வந்தது. "மச்சாள், ஆரோ இஞ்சத்தைச் செபக்குழுவில போட்டவை, உங்கட குரல் மாதிரிக் கிடக்கு. பயப்படாதீங்கோ, நாங்களும் இஞ்ச தோல்விக்குச் செபிக்கிறம்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு, "கனடாவும் சேர்ந்திட்டுது" என்றார். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, அப்படி ஒரு குரல்.

மகளின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஆட்ட நாளில் போன்களை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். இரண்டு பேரும் ரயில் ஏறினோம். என் எதிரே இருந்தவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒவ்வொருவரும் என் குரலைத்தான் கேட்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

மண்டபத்தில் பிள்ளைகள் ஆட்டத்துக்கு முன் எறிந்து பழகிக்கொண்டு இருந்தார்கள். நான் கம்பிக்குக் கிட்டப் போய்க் கையைக் காட்டினேன். மகள் ஓடிவந்தாள்.

"பிள்ளை, நான் சொல்லிப்போட்டன்."

"என்னத்தை?"

"செபக் குழுவில. தோக்கவேணும் எண்டு. கோச் சொன்னதையும். அவையள்ல ஒருத்தற்ற மனுசன் பந்தயம் கட்டியிட்டாராம்."

 "எத்தினை பேர் அம்மா?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டா?"

"பிறகு கனடாவும்" என்றார் இவர்.

"ஓ மை கோட், அம்மா. கனடாவா?" ஏசுவாள் என்று நின்றேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் என் கையில் இருந்த செபமாலையைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள்.

ஆட்டம் தொடங்கியது. பந்து அவள் கைக்கு வந்ததும் எறிந்தாள். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. தூரத்தில் நின்று எறிந்தாள், இரண்டு பேர் மறிக்கும்போது எறிந்தாள், விழுந்தெழும்பி எறிந்தாள். நான் கை தட்டவில்லை. செபமாலையை உருட்டினேன், ஆனால் என்ன கருத்துக்கு என்று சொல்லத் தெரியவில்லை. வெல்ல வேண்டும் என்று கேட்டால் காலையில் கேட்டதை மாற்ற வேண்டும். தோற்க வேண்டும் என்று கேட்க நாக்கு எழும்பவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கருத்துச் சொல்லாமல் அருள்நிறை மந்திரம் சொன்னேன்.

நாலு பகுதியில் இரண்டாவதிலேயே கோச் அவளைக் கூப்பிட்டு ஓரத்து நீள வாங்கில் இருத்தினார். அவள் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். சனம் கத்தியது. ஒருவருக்கும் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். என் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர், "காயமாக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இடைவேளைக்குப் பிறகு ஒலிபெருக்கியில் ஒரு அறிவித்தல் வந்தது. இந்த லீக்கில் ஒரு பெண் ஒரே ஆட்டத்தில் எடுத்த ஆகக் கூடிய புள்ளிக்கு என் மகள் கிட்ட வந்துவிட்டாளாம். அதோடு மண்டபமே அவள் இலக்கத்தைச் சொல்லிக் கத்தத் தொடங்கியது. கமராக்காரர் வாங்குக்கு முன் போய் நின்றார். சாதனைக்கு முன்னால் நிற்கிற பிள்ளையை எந்த முகத்தோடு இருத்தி வைப்பது? கோச் அவளை மறுபடி ஆட்டத்தில் இறக்கினார். மற்றக் கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே எடுத்தார். இவள் ஒரு பக்கத்தில் போடப் போட, மறுபக்கத்தில் எதிரணி லேசாகப் போட்டுக்கொண்டே இருந்தது. தடுக்க ஆள் இல்லை. தடுக்கவும் இவளே ஓடினாள். நிறுத்து பிள்ளை, நெஞ்சு வெடித்துவிடும் என்று எனக்குள் கத்தினேன்.

கடைசி நிமிடத்தில் சாதனை உடைந்தது. எல்லாரும் எழும்பி நின்றார்கள். அணி மூன்று புள்ளி பின்னால் நின்றது. பந்து மறுபடியும் அவள் கைக்கு வந்தது. தூரத்தில் இருந்து எறிந்தாள். வளையத்தைச் சுற்றி ஓடிய பந்து வெளியே விழுந்தது. தோற்றுவிட்டார்கள்.

சனம் அவளுக்காக ஓயாமல் கைதட்டியது. அவள் நிலத்தில் குந்தி இருந்தாள். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது என்ற எண்ணம் வந்ததும் செபமாலையைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வர, அந்தப் பந்தயக்காரர் ஒரு கேக் பெட்டியோடு வாசலில் நின்றார். "அக்கா, உங்கட செபம் பலிச்சிட்டுது!" என் கணவர் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.

பிறகு லீக்கிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பக்கத்துப் பந்தயக்கடைகளில் ஒரே தோல்விக்கு வழமை இல்லாத அளவு ஆட்கள் கட்டியிருக்கிறார்களாம். விசாரணைக்கு மகளையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போகும் வரைக்கும் பொய் சொல்வது என்றுதான் தீர்மானம். கோச் என்பது என் கற்பனை, பிள்ளை களைத்துப்போனாளே என்று தாய் மனம் பயந்து சொன்னது என்று பாடமாக்கி வைத்திருந்தேன்.

சின்ன அறை. ஒரு பெண்ணும் ஒரு ஆணும் இருந்தார்கள். மொழிபெயர்க்க ஒரு தம்பி வந்திருந்தார். மேசையில் இருந்த பெட்டியில் என் குரலைப் போட்டார்கள். "மரியாயே, தாயே" என்று அது தொடங்கியது. அந்தத் தம்பி ஒரு உணர்ச்சியும் இல்லாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னார். என் செபம் களவுக்கான சாட்சி மாதிரிக் கேட்டது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "இதை உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார்.

பாடமாக்கியதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்கு மேல் வரவில்லை. மாதாவை விளித்த அதே வாயால் பொய்யை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் என் பிள்ளையின் கதி என்ன? மகள் மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாள். 

"அம்மா, உள்ளதைச் சொல்லுங்கோ."

சொன்னேன். உப்புப் போத்தல், கிளாஸ் வரைக்கும் சொன்னேன். அவளும் சொன்னாள். கோச் சொன்ன ஒவ்வொரு வசனத்தையும் சொன்னாள். பிறகு அவர்கள் ஆட்டத்தைத் திரையில் போட்டுப் பார்த்தார்கள். அவள் எறிவதையும் ஓடுவதையும் கடைசியில் நிலத்தில் குந்தி இருந்ததையும் பார்த்தார்கள். 

முடிவு வர மூன்று கிழமை, இருபத்தொரு நாள் எடுத்தது. அந்த மூன்று கிழமையும் தபால்காரர் கேற்றைத் திறக்கும் சத்தத்துக்கு நான் எழும்பி நின்றேன். வந்த கடிதத்தை, எங்களோடு வந்து தங்கியிருந்த மகள் படிக்கட்டில் நின்று வாசித்தாள். எனக்கு அந்த ஆங்கிலம் விளங்காது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கோச்சை வெளியில போட்டினம். எனக்கு ரெண்டு மாசத் தடை. வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கவேணுமாம். அதுக்குப் பிறகு விளையாடலாம். ரெக்கோட் என்ர பேரிலதான்."

"தேவனே, நன்றி" என்று கீழ்ப்படியில் இருந்துவிட்டேன்.  "என்னை மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. என்ர வாயால வந்தது."

அவள் கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் எறிஞ்சிருக்க மாட்டன். செக்கண்ட் ஹாஃப்ல சும்மா ஓடியிருப்பன். கோச் சொன்ன மாதிரி."

இன்னொரு ஆளின் கதையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். இருபத்தைந்து வருடம் நான் வளர்த்த முகம். அவள் சப்பாத்தைக் கட்டி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தனியாகப் பழகுவதற்குப் பூங்காவுக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திவிட்டுக் கனநேரம் நான் அந்தப் படியிலேயே இருந்தேன்.