நாங்கள் ஏறாத கார்

எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் என் கணவர் ஒரு பூசணிக்காயை நாலாயிரம் ரூபாய்க்கு எடுத்தார். நல்ல பூசணிக்காய்கூட இல்லை. ஒரு பக்கம் வெயிலில் வெந்து வெளுத்துப் போயிருந்தது. வயலிலும் தோட்டத்திலும் விளைந்ததை எல்லோரும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்போம். ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் அவற்றை ஏலம் விட்டு, வருகிற பணத்தைச் சபைக்குச் சேர்ப்பார்கள். கடை விலைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். அங்கே கேட்பதே கௌரவத்துக்குத்தான். அன்றைக்கு எதிரே நின்று கேட்டவர் என் கணவரின் பழைய மாணவர், வளைகுடாவில் சம்பாதித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அவர் நூறு ஏற்ற, இவர் நூறு ஏற்ற, மூப்பர் "மூணு தரம்" என்று முடித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

சபைக்குப் போகிற பணம், அதனால் வாயைத் திறக்கவில்லை. பூசணிக்காய் மேல் எனக்குக் கோபமும் இல்லை. ஏலம் என்று ஒன்றில் இறங்கிவிட்டால் இந்த மனுஷருக்கு விலகி நிற்கத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். அந்தக் குணத்தை அவர் எதன்மேல் கொண்டுபோய் வைத்திருந்தார் என்பதில்தான் என் வயிறு எரிந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவில் பணக்காரர்களுக்கென்று மின்சாரக் கார் செய்கிற ஒரு கம்பெனி இருக்கிறது. ஒரு காரின் விலையில் தஞ்சாவூரில் வீடு வாங்கலாம். அந்தக் காரில் நாங்கள் ஏறியதில்லை, தொட்டதில்லை, தெருவில் போகப் பார்த்ததுகூட இல்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். ஆனால் என் கணவர் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்தக் காரின் மோட்டார் எவ்வளவு சின்னது, ஒருமுறை சார்ஜ் போட்டால் எவ்வளவு தூரம் ஓடும் என்றெல்லாம் செய்தித்தாளின் ஓரத்தில் படம் போட்டு எனக்கு விளக்குவார். பேசும்போது முகம் மலர்ந்துவிடும். படத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் அதன் பங்குகளை வாங்கினார். என் நிலத்தை விற்ற பணத்தில் வாங்கினார்.

வெண்ணாற்றுக்கு வடக்கே என் அப்பா எனக்கு எழுதிவைத்தது ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். தனியார் பள்ளியில் டீச்சராக வேலை பார்த்த எனக்குப் பென்ஷன் கிடையாது. என் கணவருக்கு உண்டு. என் பெயரில் இந்த உலகத்தில் இருந்தது அந்த ஆறு மா மட்டும்தான். மூன்று மாவை நல்ல விலை வருகிறது என்று விற்கச் சொன்னார், கையெழுத்துப் போட்டேன். பணத்தை உன் பெயரிலேயே பேங்கில் போடுகிறேன் என்றார். போடவும் செய்தார். பேங்க் வேலையெல்லாம் அவர் கையில்தான். பிறகு வட்டி போதவில்லை என்று கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்கள். இங்கே நெய் பெண்டாட்டியுடையது, கை மட்டும் இவருடையது.

எனக்கு அது தெரியவந்தது ஒரு கிலோ ஜாங்கிரியால். ஒருநாள் காலையில் போனைப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தார். பங்கு விலை ஒரே ராத்திரியில் பத்து மடங்கு ஆகிவிட்டதாம். கடைக்கு ஓடி ஜாங்கிரி வாங்கிவந்து தெருவில் பத்து வீட்டுக்குக் கொடுத்தார். அப்போதுதான் எந்தப் பணத்தில் வாங்கிய பங்கு என்று என்னிடம் சொன்னார், சந்தோஷத்தில் மறைக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. மத்தியானம் திருச்சியில் ஆடிட்டராக இருக்கும் என் தம்பி போன் செய்து விஷயத்தைச் சொன்னான். விலை ரொம்பக் கீழே போய்விட்டதால், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று கம்பெனியே பத்துப் பங்கை ஒரு பங்காகச் சேர்த்துவிட்டது. விலை பத்து மடங்கு, பங்கு பத்தில் ஒன்று. கையில் இருப்பது நேற்று இருந்த அதே பணம்தான். தெருவெல்லாம் ஜாங்கிரி தின்றுவிட்டு எங்களை வாழ்த்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் அது இறங்கியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ராத்திரி குடும்ப ஜெபத்தில் அவர் ஜெபம் நீண்டுகொண்டே போனது. எதற்காக என்று வாயால் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும். ஆமென் சொல்லவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பண்டிகைக்குத் தம்பி வந்திருந்தான். ஆலயத்திலிருந்து வந்து, ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் பரிமாறி முடிப்பதற்குள் இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு கார் விற்கும்போதும் அந்தக் கம்பெனிக்கு நஷ்டம் என்றான் தம்பி. செய்யும் செலவு விற்கும் விலையைவிட அதிகம், அதனால் எவ்வளவு விற்றாலும் கையைக் கடிக்கும் என்றான். ஆரம்பத்தில் எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் என்றார் இவர். பெரிய இடத்துப் பணம் ஒன்று பின்னால் நிற்கிறது, அது விழவிடாது என்றார். அந்தப் பெரிய இடம் பணம் போடும்போதெல்லாம் புதுப் பங்கு அச்சடித்துக் கொடுக்கிறார்கள், மோரில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி உங்கள் பங்கு நீர்த்துப் போகிறது என்றான் தம்பி. விலை இறங்கினால் தள்ளுபடியில் துணி வாங்குவது போல இன்னும் வாங்கவேண்டும், அப்போதுதான் சராசரி விலை குறையும் என்றார் இவர். வெள்ளம் தலைக்கு மேல் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று பழமொழி வேறு. மூழ்குகிறவர் சொல்லலாம். மூழ்கிக்கொண்டிருந்தது என் நிலம்.

உண்மையைச் சொன்னால், தம்பி எனக்காகப் பேசுகிறான் என்று அதுவரை மனதுக்குள் குளிர்ந்து போயிருந்தேன். இன்னொரு கரண்டி கறிகூட அவன் இலையில் வைத்தேன். அப்போது அவன் இவரைப் பார்த்து, சாதாரணமாகக் கேட்டான்.

"மில்காரர் குடுத்த அட்வான்ஸையும் அதுலயே போட்டுட்டீங்களா அத்தான்?"

எந்த மில்காரர், எதற்கு அட்வான்ஸ் என்று கேட்டேன். இருவரும் இலையைப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மிச்சமிருந்த மூன்று மாவையும் ரைஸ் மில் வைத்திருக்கும் ஒருவருக்கு விலை பேசியாகிவிட்டது. நான் ஏற்கெனவே விற்ற பக்கத்து மூன்று மாவில் போட்ட மனைகளோடு இதையும் சேர்த்து அவர் பிளாட் போடப் போகிறார். டீச்சர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று இவர் வாக்குக் கொடுத்து, அட்வான்ஸும் வாங்கி, விலை இறங்கிய நேரம் பார்த்து அதற்கும் பங்கு வாங்கிவிட்டார். தம்பிக்கு இதெல்லாம் முன்னாலேயே தெரியும். அவன் திருச்சியிலிருந்து வந்தது நிலத்தைக் காப்பாற்ற அல்ல. மிச்சப் பணமாவது காருக்குப் போகாமல், அவன் சொல்கிற மியூச்சுவல் ஃபண்டுக்கு வரவேண்டும் என்பதற்காக.

"எங்கிட்ட ஏன் கேக்கல?" என்றேன் கணவரிடம்.

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ" என்றார்.

வேண்டாம் என்பேன் என்று தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் கேட்கவில்லை. பொய் சொல்லிச் சமாளித்திருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

தம்பி சமாதானத்துக்கு வந்தான். "நெல்லுல என்னக்கா வருது? உனக்கு எதுக்கு இந்த டென்ஷன்? வித்துட்டு எங்கிட்ட குடு, மாசாமாசம் வர்ற மாதிரி பண்ணித் தர்றேன்." ஆள் கூலி, உழவு, உரம் எல்லாம் கணக்குப் போட்டுக் காட்டினான். கணக்கு சரிதான். பெரிய லாபம் இல்லை என்பது எனக்கும் தெரியும். முதல் மூன்று மாவை மண்ணடித்து மேடாக்கியபின், மழை பெய்தால் என் வயலில் தண்ணீர் வடிவதில்லை. அதில் ஒரு சம்பாவே பாழானது. ஆனாலும் என் வீட்டு அரிசி அங்கிருந்து வருகிறது. யாரிடமும் கை நீட்டாமல் நான் செலவழிக்கிற பணம் அங்கிருந்து வருகிறது. இரண்டு படித்த ஆண்கள் என் வீட்டில், நான் சமைத்ததைத் தின்றுகொண்டு, என் நிலத்தைக் காரில் போடுவதா ஃபண்டில் போடுவதா என்று விவாதம் பண்ணினார்கள். மூன்றாவதாக ஒரு வழி உண்டு, அதைப் போடாமலேயே வைத்திருப்பது, என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

நான் கத்தினேன். மறைக்க என்ன இருக்கிறது, பக்கத்து வீடு வரை கேட்கும்படி கத்தினேன். பூசணிக்காயை நாலாயிரத்துக்கு எடுத்தாலும் வெட்டிக் கூட்டு வைக்கலாம், உன் காரில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அவரை ஒருமையில் கேட்டது அன்றைக்குத்தான். தம்பி சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். போகும்போது ஃபண்டு விவரத்தை வாட்ஸப்பில் அனுப்புவதாகச் சொன்னான். அனுப்பினான் என்பதுதான் ஆச்சரியம்.

மறுநாள் நானே மில்காரருக்குப் போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னேன். விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தார். பத்திரத்துக்கு நாள் குறிக்கக் கூப்பிட்டதாக நினைத்துப் பழம், வெற்றிலையோடு வந்திருந்தார். நிலம் விற்பதாக இல்லை, உங்கள் அட்வான்ஸ் திரும்ப வந்துவிடும் என்று சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்தார்.

"சார் சொன்னாரேம்மா" என்றார்.

"அது சார் நிலம் இல்லீங்க" என்றேன்.

வீட்டில் கலந்து பேசாமல் சார் சொல்வாரா என்று நினைத்ததாகச் சொன்னார். அவர்மேல் கோபப்பட எனக்கு வழியில்லை, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது. பணம் எப்போது வரும் என்று கேட்டார். என் கணவர் வேறு எங்காவது புரட்டித் தருகிறேன், ஒரு மாசம் பொறுங்கள் என்று இழுத்தார். நான் விடவில்லை. பங்கை இன்றைக்கே விற்கவேண்டும், மில்காரர் முன்னாலேயே விற்கவேண்டும் என்றேன். அமெரிக்கச் சந்தை நம் ஊர் நேரத்துக்கு ராத்திரி எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றார் என் கணவர். இருக்கட்டும் என்று மில்காரருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். தஞ்சாவூரில் ஒரு ஹாலில் மூன்று பேர், அமெரிக்கா கடை திறப்பதற்காக உட்கார்ந்திருந்தோம்.

திறந்தது. அன்றைக்கும் இறங்கித்தான் திறந்தது. இன்றைக்கு ரொம்ப அடி, ஒரு வாரம் பொறுத்தால் ஏறும் என்றார். இப்போது எவ்வளவு நிற்கிறது என்று கேட்டேன். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முதல் மூன்று மா விற்ற பணம், அதற்கு மேல் போட்ட அட்வான்ஸ், இரண்டும் சேர்ந்து தேய்ந்து, இப்போது அந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அவ்வளவுதான். அப்பா கொடுத்ததில் பாதிக்கு மிச்சம் அதுதான்.

மொத்தத்தையும் விற்கச் சொன்னேன். விற்கும் எண்ணிக்கையை அடித்தார். அழுத்தாமல் நிறுத்தினார். மில்காரருக்குக் கேட்காதபடி குனிந்து என்னிடம் சொன்னார்.

"ஒரு பத்து மட்டும் வச்சுக்கட்டுமா? அட்வான்ஸுக்கு அது தேவைப்படாது. நெசமாவே நல்ல கார்ம்மா."

பாவமாக இருந்ததா என்று அப்புறம் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை.

"அந்தப் பத்தும் என் வயல்தாங்க" என்றேன்.

அவர் அடித்துவைத்திருந்ததை ஒருமுறை சரிபார்த்தார். பத்தைக் கழித்துத்தான் அடித்திருந்தார். அதை அழித்துவிட்டு முழு எண்ணிக்கையையும் போட்டு அழுத்தினார்.