ரோபோவின் கையைத் துடைத்தவர்

இன்று மதியம் மலைமேல் செம்மேட்டில் நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கு ஒரு ரோபோ வந்தது. சேலத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் காரில் கொண்டுவந்தார். முழங்கால் உயரம். நடக்கும், "ஹலோ" சொல்லும், கை நீட்டும்.

நாலடி நடந்ததும் தரையின் மேடுபள்ளத்தில் கால் தட்டிக் குப்புற விழுந்தது. விழுந்தபடியே "ஹலோ, ஹலோ" என்று தரையிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்பு செல்வி மட்டும் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தினாள். "அடிபட்டுருச்சா கண்ணு?" என்று அதன் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"தொடாதே. கையெல்லாம் அழுக்கு" என்று கம்பெனிக்காரர் ரோபோவை வெடுக்கென்று பிடுங்கினார். அவள் தொட்ட இடத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார். இரண்டு தடவை. எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து அவருக்குப் போட்டோ வேண்டுமாம். மலைப் பிள்ளை ஒன்று ரோபோவுக்குக் கை கொடுப்பதுபோல. செல்வியைத்தான் கூப்பிட்டார். "இந்தப் பாப்பா முகம் நல்லா இருக்கு டீச்சர்."

ரோபோ கையை நீட்டியது. செல்வி தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கை கொடு பாப்பா."

"அழுக்குங்க சார்" என்றாள். குறும்பில் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பிவிட்டாள்.

வேறொரு பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்.

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அந்த ஆள் மேல் மட்டுமில்லை. செல்வி பக்கத்திலேயே நின்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியது நான்தான்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? எழுதுங்கள், டீயில் என்ன கலந்திருப்பீர்கள் என்பது உட்பட.