போடிமெட்டு ஏற்றமும் கார் ஹீட்டரும்

இதை எழுதுவதற்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் வாயைத் திறக்க வராது. பேசச் சொன்னால் முடியாது என்பதால் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு பழைய காரில் மாட்டிய சின்ன சாமானைப் பற்றியது.

சின்னக்கானலில் தேயிலை ஃபாக்டரியில் வேலை எனக்கு. எஸ்டேட் வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் செய்ய வேண்டும். தேனிக்குக் கொண்டுபோகிறேன். காலையில் எழுந்ததும் வாட்ஸ்அப் குரூப்பில் காட்டு யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புவோம். பூப்பாறை, போடிமெட்டு, அங்கிருந்து வளைவு வளைவாக இறங்கிப் போடி, பிறகு தேனி. மத்தியானத்துக்கு மேல் அதே வழியாகத் திரும்பி ஏறுவோம். எத்தனை வருஷமாக என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். முதலில் பஸ்ஸில் போனோம். திரும்பி வரும்போது அவளால் நிற்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. அதற்காகத்தான் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினேன். வேறு எதற்கும் அதை வெளியே எடுப்பதில்லை.

டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அவளுக்குக் குளிர் பிடித்துவிடும். தேனி வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்கும். இவள் பல் கிட்டித்துக்கொண்டு வருவாள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு முன்சீட்டைச் சாய்த்துப் படுத்ததும் கேட்கிற முதல் வார்த்தை, "ஹீட்டர்." கண்ணாடியை ஏற்றி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடுவேன். போடி தாண்டி மெட்டு ஏறி முடிக்கிற வரைக்கும் எனக்குச் சட்டை நனைந்து முதுகில் ஒட்டும். சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவளுடைய தம்பிக்குப் போடியில் பேட்டரிக் கடை. வண்டிகளுக்கு வயரிங் வேலையும் பார்ப்பான். போகும்போது ஒரு நிமிஷம் அங்கே நிறுத்தாமல் போனால் கோபித்துக்கொள்வான். ஒருநாள், வண்டி முன்னைவிடப் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று அவனிடம் சொன்னேன். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமானை எடுத்துவந்து, ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து எங்கேயோ சொருகினான். அப்படி ஒரு குழி அங்கே இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அத்தான், இந்தா பாருங்க. உங்க போனுல தெரியும். இஞ்சின் எம்புட்டுச் சுத்துது, எம்புட்டுச் சூடு, ஒரு லிட்டருக்கு எம்புட்டுத் தூரம் ஓடுது, எல்லாம்."

"இதெல்லாம் தெரிஞ்சு நான் என்னடா செய்யப் போறேன்?"

"வண்டிக்கு என்ன நோவுன்னு அதுவே சொல்லும் அத்தான்."

என் மனைவி சீட்டிலிருந்து தலையைத் திருப்பி, ஊசி குத்துகிற இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "எனக்கும்தான் கையில ஒரு சொருகு இருக்கு. மாட்டி மாட்டிப் பாத்துக்கிட்டே இருக்காங்க. காருக்காவது என்ன நோவுன்னு சட்டுன்னு சொல்லட்டும்."

தம்பி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போனை டாஷ்போர்டில் மாட்டினான்.

எங்கள் காரில் சூட்டைக் காட்டுகிற முள் கிடையாது. இஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு. கொதித்துவிட்டால் சிவப்பு விளக்கு. நடுவில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. சிவப்பு வராதவரை எல்லாம் சரி என்றுதான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் போனைப் பார்ப்பது எனக்கு ஒத்துவரவில்லை. வளைவில் வண்டியைப் பார்ப்பேனா, எண்ணைப் பார்ப்பேனா? அவள்தான் பார்க்க ஆரம்பித்தாள். இறங்கும்போது அவள் தெளிவாக இருப்பாள். உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு கொஞ்சம் வாங்கும், பேச்சு நிற்காது. "போன தடவ ஏத்தத்துல லிட்டருக்கு ஏழுதான் வந்திருக்கு," என்பாள். "மூணாவதுக்கு மாத்துங்க, இஞ்சின் கத்துது," என்பாள். எனக்கு மேஸ்திரி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

மெட்டிலிருந்து போடிக்கு இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டே போவது எங்கள் பக்கத்தில் பலருக்கும் பழக்கம். பெட்ரோல் மிச்சம் என்பார்கள். நானும் அப்படித்தான். பிரேக் தீய்ந்த வாசனை வந்தால் ஒரு வளைவில் நிறுத்தி ஆறவிட்டுப் போவேன். ஒருநாள் அவள் போனை முறைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, கியர்ல போடுங்க."

"எறக்கத்துல எதுக்குக் கியரு?"

"போடுங்கன்னா."

மூன்றாவது கியரில் போட்டேன். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கவில்லை.

"பூஜ்யம்," என்றாள். "நியூட்ரல்ல போனப்ப மணிக்கு முக்கா லிட்டர் காட்டுச்சு. இப்ப பூஜ்யம்."

"போன் கெட்டுப்போச்சு."

"போன் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் இத்தன வருசமா மிச்சம் புடிக்கிறேன்னு ஊத்திக்கிட்டே வந்திருக்கீங்க."

கடையில் நிறுத்தி அவள் தம்பியிடம் கேட்டேன். கியரில் இறங்கினால் சக்கரமே இஞ்சினைச் சுற்றிவிடும், அதனால் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும் என்றான். நியூட்ரலில் இஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அக்கா சொன்னதுதான் சரி என்று முடித்தான். அன்றைக்குத் தேனி போய்ச் சேருகிறவரை அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. எனக்குத் தோற்றுப்போனதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

மெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் பாறையிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் விழும். திரும்பி ஏறும்போது அங்கே நிறுத்துவேன். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் டப்பாவில் குறைந்திருந்தால் அந்தத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவேன். மலைத் தண்ணீர், கண்ணாடி மாதிரி இருக்கும். அவளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று அளவு உண்டு. டம்ளரில் கோடு போட்டு வைத்திருக்கிறோம். கம்பளிக்குள்ளிருந்து நான் ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அதுக்கு மட்டும் கேக்கக் கேக்க ஊத்துங்க," என்றாள் ஒருநாள்.

அதற்குப் பிறகு அவள் கண்ணை மூடியிருக்கும்போதுதான் ஊற்றினேன்.

ஏறும்போது சூடு தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று காட்டும். நூறு வரை பயப்பட வேண்டாம் என்று தம்பி சொல்லியிருந்தான். அதனால் பயப்படவில்லை. தேனியிலிருந்து போடி வரைக்கும் தொண்ணூற்றிரண்டு, ஏறினால் தொண்ணூற்றெட்டு. இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

போன சித்திரையில் ஒருநாள் டயாலிசிஸ் பிரிவில் ஒரு புது நர்ஸ் வந்திருந்தது. சின்னப் பெண். இவள் போர்வைக்குள் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "எப்பவுமே இப்படிக் குளிருமாக்கா?" என்று கேட்டிருக்கிறது. எப்பவும்தான் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் டாக்டரிடம் போய்க் கேட்டுவந்து, மெஷினில் ஓடுகிற தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்திருக்கிறது. அவ்வளவுதான். இத்தனை காலமாக நாங்களும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. டயாலிசிஸ் என்றால் குளிரும் என்றே நினைத்திருந்தோம்.

அன்றைக்கு அவள் தானாக நடந்து வந்தாள். கம்பளியைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தாள். காரில் ஏறிச் சீட்டை நிமிர்த்திக்கொண்டாள். நான் பழக்கத்தில் ஹீட்டரில் கை வைத்தேன்.

"வேணாங்க. கண்ணாடிய எறக்குங்க. காத்து வரட்டும்."

போடி தாண்டி ஏற ஆரம்பித்தோம். தலைமுடி பறக்கப் பறக்க ஒதுக்கிவிட்டுக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருக்கிற அம்மா தன் மருமகளைப் பற்றிச் சொன்னது, அந்த நர்ஸுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பது. திரும்பி வருகிற வழியில் அவள் இப்படிப் பேசிக் கேட்டது எப்போது என்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ரோட்டின் அந்தப் பக்கத்துப் பள்ளத்தை அவள் மாலை வெயிலில் பார்த்ததே இல்லை. "இங்கயிருந்து போடி பூராம் தெரியுதே," என்றாள்.

நான் போனைப் பார்த்தேன். நூற்றிரண்டு.

அடுத்த வளைவில் நூற்றிநாலு. வண்டியை மெதுவாக்கினேன். நூற்றாறு. இந்த ஏற்றத்தில் இஞ்சின் கொதித்து நின்றால் இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இஞ்சினே போய்விட்டால் பழையபடி பஸ்தான். ஹீட்டரைப் போட்டால் இஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுக்கும் என்று ஃபாக்டரி லாரி டிரைவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது தெரியும். ஆனால் கை அந்தப் பக்கம் போகவில்லை. அவள் முகத்தில் காற்று பட்டுக்கொண்டிருந்தது.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி போகுது?" என்று கேட்டாள். பிறகு போனைப் பார்த்தாள். "ஐயோ மாதாவே, நூத்தி எட்டு! தம்பிக்குப் போடுங்க."

ஓரம் கட்டினேன். இஞ்சினை அணைக்கவில்லை. அவளே அவள் போனில் கூப்பிட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"ஏசி போட்டிருக்கீங்களா அத்தான்?"

"இல்ல."

"ஹீட்டரு?"

"இல்ல. இன்னைக்கு அக்காவுக்குக் குளிரல."

அவன் சொன்னான்: "முழுசாத் தொறந்து விடுங்க. ரேடியேட்டரு அடைச்சிருக்கும் போல. இம்புட்டு நாளா ஹீட்டருதான் காப்பாத்திக் கொண்டாந்திருக்கு. மெதுவாப் போங்க. நூத்திப் பத்து தொட்டா ஆஃப் பண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க, வாரேன்."

அவள் போனை மடியில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்ப இம்புட்டு நாளும் நான் நடுங்குனதுலதான் உங்க காரு ஓடுச்சா?"

அவளே கையை நீட்டி ஹீட்டரைக் கடைசி வரை திருப்பினாள். சூடான காற்று காலில் அடித்தது. கண்ணாடிகள் எல்லாம் திறந்திருந்தும் உள்ளே ஃபாக்டரியில் தேயிலை காயவைக்கிற டிரையர் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. முதல் கியரும் இரண்டாவதுமாக ஏறினோம். அவள் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தாள். "நூத்தி ஏழு." கொஞ்ச தூரம் போய், "ஏழுதான்." அடுத்த வளைவில், "அஞ்சு." எங்களை முந்திப் போன ஜீப்புக்காரன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான்.

அவள் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"அணைச்சிரட்டுமா கொஞ்ச நேரம்?" என்றேன்.

"இருக்கட்டும். வேர்த்தா நல்லதுதான், தண்ணி எறங்கும். அடுத்த தடவ அந்த நர்ஸ் புள்ள, கூட ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுக்கிடச் சொல்லும்."

"அப்படியெல்லாம் சொல்லாது."

"தெரியும். சும்மா இருங்க."

குழாய்த் தண்ணீர் விழுகிற வளைவில் நான் நிறுத்தவில்லை; அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். மெட்டுக்கு வந்தபோது தொண்ணூற்றொன்பது. மேலே பனி இறங்கியிருந்தது. வண்டியை நிறுத்தியதும் இரண்டு பேரும் வெளியே வந்து நின்றோம். வேர்வை மேல் பனி பட்டதும் எனக்குத்தான் உடம்பு நடுங்கியது. அவள் கையிலிருந்த கம்பளியை நீட்டினாள். வாங்கிப் போர்த்திக்கொண்டேன். டீக்கடையில் ஒரு டீ வாங்கி, அவள் பங்குக்கு இரண்டு வாய் கொடுத்துவிட்டு மீதியை நான் குடித்தேன். அவள் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே எனக்குக் குளிராதுன்னா, இத வச்சு எப்படிப் போவீங்க?"

"சரி பண்ணிரலாம்."

"சரி பண்ணுங்க. எனக்கு மறுபடி குளிர வச்சிராதீங்க."

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பூப்பாறை ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டேன். ரேடியேட்டரைக் கழற்றினார்கள். உள்ளே துருவும் செம்மண் நிறத்தில் அடைப்புமாக இருந்தது. எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். நல்ல தண்ணிதான், பாறைக் குழாயில் பிடித்தது என்றேன். வெறும் தண்ணீர் ஊற்றினால் துருப்பிடிக்கும், அதற்கென்று இருக்கிற கூலண்டைத்தான் ஊற்ற வேண்டும் என்றார். வேறு ரேடியேட்டர் வர மூன்று நாளாகுமாம். அடுத்த டயாலிசிஸுக்கு ஒரு ஜீப்புக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டு, பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.