ஐஸ் அரங்கத்தின் பின்சுவர்

சீசன் தொடங்கிய வாரம் குற்றாலத்தில் மூக்கடைப்புக்கு ஒரு வைத்தியம் செய்துகொண்டேன். அந்தப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

ஐந்தருவியில் மகளோடு குளித்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் மூக்கின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. மகள் நேராக ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கத்துக்குள் போய்விட்டாள். ஆமாம், இப்போது நம் பக்கமும் அது வந்துவிட்டது. நான் வெளியே தும்மிக்கொண்டு நின்றேன்.

வாசலில் சுக்குக் காபி விற்கும் அம்மா என்னைப் பார்த்தார்.

“கட்டடத்துக்குப் பொறத்தால போயி நில்லுங்க சார். மூக்கு சட்டுனு தொறந்துரும். இங்கன எல்லாரும் அப்படித்தான்.”

போனேன். ஏற்கெனவே நாலைந்து பேர் பின்சுவரைப் பார்த்து நின்று மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் கைக்குழந்தையை வேறு நீட்டிப் பிடித்திருந்தார். நானும் இழுத்தேன். சுரீரென்று ஏறியது... கண்ணில் தண்ணீர். மூக்கு திறந்தேவிட்டது!

அப்போதுதான் எங்களைக் கூட்டிவந்த நண்பன் மீரான் காரை நிறுத்திவிட்டு வந்தான். கடையநல்லூர்க்காரன், கல்லூரியில் என் பெஞ்ச். துபாய் மால் ஒன்றில் இதே மாதிரி அரங்கத்தைப் பராமரிக்கிற இன்ஜினீயர். லீவில் வந்திருந்தான். மோந்து பார்த்தவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“ஏலே, கூறு இருக்கா? இது அம்மோனியா. கூலிங் மெஷின்ல இருந்து கசியுது. உள்ள யாரு இருக்கா?”

உள்ளே என் மகள் இருக்கிறாள்.

அந்த நொடியை எப்படி எழுதுவது? பின்சுவர்க்காரர்களை மீரான் விரட்ட, நான் வாசலுக்கு ஓடினேன். ஓனர் வழிமறித்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அசரவே இல்லை... அதுதான் பெரிய அதிர்ச்சி.

“பழைய ஐஸ் கம்பெனி மெஷின் அண்ணாச்சி. வாசன வரத்தான் செய்யும். சீசன் முடியட்டும், மாத்திருவோம்.”

“குழாய் வெடிச்சா சீசன் மட்டுமா முடியும்?” என்றபடி பின்னாலேயே வந்தான் மீரான்.

டிக்கெட் கவுன்டரில் இருந்த ஓனரின் மனைவி சட்டென்று எழுந்தார். கவுன்டரை இழுத்து மூடினார். மைக்கை எடுத்தார்.

“எல்லாரும் வெளிய வாங்க. ஷூவைக் கழட்டிக்கிட்டு நிக்காதிய, அப்படியே வாங்க.”

ஸ்கேட்டிங் ஷூவோடு தத்தித் தத்தி வந்தாள் மகள். கட்டிக்கொண்டேன். “இன்னும் டைம் முடியலப்பா” என்று முறைத்தாள்.

யோசித்துப் பாருங்கள். பிரியாணியில் லேசாக வாடை வந்தால் கடையையே இரண்டாக்கிவிடுவோம். மெஷினில் வாடை வந்தால்? வைத்தியம் என்று வரிசையில் நிற்கிறோம். அதுவும் கைக்குழந்தையோடு!

அரங்கம் பூட்டிக் கிடந்தே பாதி சீசன் போனது. நேற்று அரங்கத்தைத் திறந்துவிட்டார்கள். புது மெஷின். கசிந்தால் அலற ஓர் அலாரம். பின்சுவர்ப் பக்கம் ஒரு வாடையும் இல்லை. நிம்மதியாக வந்து சுக்குக் காபி கேட்டேன். அந்த அம்மா முகத்தில் சுரத்தே இல்லை.

“புது மெஷினு சரிப்படாது சார். ஒருத்தருக்கும் மூக்கு தொறக்கலைங்காவ.”